பாடத்துல ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்: வாத்தியார்களும் ஸ்டூடண்ட்ஸும் அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) டிபார்ட்மென்ட்ல வேலை பாக்கறேன், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் எடுக்கறேன். லேப்ல நிஜமான ஓப்பன் சோர்ஸ் கோடை, அதாவது யார் வேணா படிக்கலாம், மாத்தலாம்னு வெளியிட்ட கோடை வெச்சு சொல்லித் தர்றது ரொம்ப நாளா என் வழக்கம். அதப் பத்தி கேள்விப்பட்டு மத்த காலேஜ் சார், மேடம் எல்லாம் கேக்கறாங்க, ஸ்டூடண்ட்ஸும் கேக்கறாங்க, கேள்வி பெரும்பாலும் ஒண்ணாவே இருக்கறதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன்.

ஓப்பன் சோர்ஸ வெச்சு பாடம் நடத்தறதுன்னா என்ன? எல்லாரையும் கிட்ஹப்ல அக்கவுன்ட் ஆரம்பிக்க சொல்றதா?

கிட்ஹப்ங்கறது கோடைப் போட்டு வெச்சு பகிர்ற ஒரு வெப்சைட், அதுல அக்கவுன்ட் ஆரம்பிக்கறது அஞ்சு நிமிஷ வேலை, அதுல பாடம் ஒண்ணும் இல்ல. உலகத்துல யாரோ நிஜமா பயன்படுத்தற ஒரு சாப்ட்வேரோட சோர்ஸ் கோடை எடுத்து, ஸ்டூடண்ட்ஸ அதப் படிக்க வெக்கறது, பில்ட் பண்ண (சோர்ஸ்ல இருந்து ஓடற புரோகிராமா மாத்த) வெக்கறது, எங்க உடையுதுன்னு கண்டுபிடிக்க வெக்கறது, முடிஞ்சா ஒரு சின்ன திருத்தத்தை அந்த புராஜெக்ட்டை நடத்தறவங்களுக்கு அனுப்ப வெக்கறது, இதுதான். இதுல நான் முக்கியமா நினைக்கறது முதல்ல சொன்ன படிக்கறது. கடைசில சொன்ன அனுப்பறது நடந்தா சந்தோஷம், நடக்கலன்னாலும் பாடம் நடந்த மாதிரிதான்.

புக்ல இருக்கற புரோகிராம் போதாதா?

புக் வேணாம்னு சொல்லல. ஆனா புக்ல வர்ற புரோகிராம் நாப்பது அம்பது வரி, ஒரே பக்கத்துல ஆரம்பிச்சு அங்கயே முடிஞ்சிடும், எழுதினவரே கீழ விளக்கமும் கொடுத்திருப்பார், இன்புட் எப்பவும் ஒழுங்கா வரும். வேலைக்குப் போனா கையில கிடைக்கறது யாரோ எழுதிட்டு கம்பெனி மாறிப் போயிட்ட ரெண்டு லட்சம் வரி, கமென்ட் பாதி இருக்கும் பாதி இருக்காது. நாலு வருஷ படிப்புல அடுத்தவங்க எழுதின கோடை உக்காந்து படிக்கறதுக்கு நாம ஒரு பீரியட்கூட ஒதுக்கறதில்ல. சங்கீதத்துல கேள்வி ஞானம்னு சொல்வாங்களே, நல்ல பாட்டை நிறைய கேட்டுக் கேட்டுத்தான் காது பழகும்னு, கோடுக்கும் அது அப்படியே பொருந்தும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. பைனல் இயர் புராஜெக்ட்டை சென்டர்ல காசு கொடுத்து வாங்கற வழக்கம் நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், டைட்டில், கோடு, ரிப்போர்ட், பிபிடி, வைவால என்ன சொல்லணும்ங்கறது வரைக்கும் ஒரே பேக்கேஜா வந்துடும். எனக்கு இதுல ஸ்டூடண்ட்ஸ் மேல கோபம் வர்றதில்ல, யாருமே பயன்படுத்தப் போறதில்லன்னு தெரிஞ்ச ஒரு பொருளை உழைச்சு செய்யுன்னு சொன்னா எவன் செய்வான்? அதே பையன்கிட்ட, நீ திருத்தப் போற இந்த கோடை வேற ஊர்ல யாரோ ஒருத்தர் அடுத்த மாசம் ஓட்டப் போறார்னு சொல்லிப் பாருங்க, அவன் நடந்துக்கற விதமே மாறிடும். கமிட் (பதிவு பண்ண ஒரு மாத்தம்) ஒவ்வொண்ணுக்கும் தேதி இருக்கு, யார் என்ன கேட்டாங்க, இவன் என்ன பதில் சொன்னான்னு எல்லாம் பொதுவுல இருக்கு, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்தா ஏன் இந்த வரியை மாத்தினன்னு நேரா கேக்கலாம். இதை ரெண்டு நாள்ல காசு கொடுத்து வாங்கறது ரொம்ப கஷ்டம்.

இதெல்லாம் இப்ப வந்த பேஷன்தானே சார்?

இல்லவே இல்ல, இன்னிக்கு நாம பயன்படுத்தற லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டமே இந்த வகுப்பறை கதையில இருந்துதான் வந்தது. ஆஸ்திரேலியால நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துல ஜான் லயன்ஸ்னு ஒரு பேராசிரியர், யூனிக்ஸ்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட ஆறாம் பதிப்புல மொத்த கெர்னலையும் (அதோட மையப் பகுதியை) அச்சடிச்சு, அதுக்கு வரி வரியா உரையும் எழுதி 1970கள்ல ஸ்டூடண்ட்ஸுக்கு கொடுத்தார். சுமார் ஒம்பதாயிரம் வரி, ஒரு ஆள் ஒரு செமஸ்டர்ல முழுசா படிச்சு முடிக்கலாம். அடுத்து ஏழாம் பதிப்பு வந்தப்ப ஏடி அண்ட் டி கம்பெனி லைசென்ஸ மாத்தி, வகுப்புல சோர்ஸ் கோடை வெச்சு நடத்தக்கூடாதுன்னு தடுத்துடுச்சு. லயன்ஸோட நோட்ஸ் அதுக்கப்புறம் ஜெராக்ஸ் காப்பியாவே உலகம் பூரா சுத்துச்சு, 1996லதான் முறைப்படி புத்தகமா வந்தது.

அந்த தடையால பாதிக்கப்பட்ட வாத்தியார்கள்ல ஒருத்தர் ஆம்ஸ்டர்டாம்ல இருந்த ஆண்ட்ரூ டானன்பாம். வகுப்புல காட்ட கோடு இல்லாம போச்சேன்னு அவரே மினிக்ஸ்னு ஒரு சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதி 1987ல வெளியிட்டார். அந்த மினிக்ஸ வாங்கிப் போட்டு நோண்டிட்டு இருந்த பின்லாந்துல ஹெல்சிங்கி ஸ்டூடண்ட் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்ட்ல நான் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதறேன்னு அறிவிச்சார், மீதி எல்லாருக்கும் தெரியும். போட்டோ எடிட் பண்ண பயன்படுத்தற கிம்ப்கூட 1995 வாக்குல பெர்க்லில படிச்சிட்டிருந்த ரெண்டு ஸ்டூடண்ட்ஸ் ஆரம்பிச்சதுதான்.

எந்த சப்ஜெக்ட்டுக்கு எந்த புராஜெக்ட்?

ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு லினக்ஸ நேரா கையில எடுக்காதீங்க, இப்ப அது மூணு கோடி வரிக்கு மேல, ஸ்டூடண்ட் மிரண்டுடுவான். எம்ஐடில 2006ல இருந்து எக்ஸ்வி6னு ஒண்ணு வெச்சிருக்காங்க, யூனிக்ஸ் ஆறாம் பதிப்பையே நவீன சி மொழில திரும்ப எழுதினது, க்யூஎமுங்கற மெஷின் எமுலேட்டர்ல ஓடும், பழைய லேப் மெஷின்லயே போதும். அதுல ஒரு புது சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னல்கிட்ட வேலை கேக்கற வழி) சேக்க சொல்லுங்க. அஞ்சு பைல்ல கை வெக்கணும், அந்த அஞ்சையும் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள யூசர் மோடுல இருந்து கெர்னல் மோடுக்கு எப்படி போகுதுன்னு தானா புரிஞ்சிடும், போர்டுல படம் போட்டு நான் ரெண்டு பீரியட் பேசறதவிட நல்லாவே புரியும்.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்கு நான் சிபைத்தான், அதாவது சி மொழில எழுதின பைத்தானோட சோர்ஸ் எடுப்பேன். டைனமிக் அர்ரேல அப்பெண்ட் பண்றது சராசரியா ஓ ஆப் ஒன் (லிஸ்ட் எவ்வளவு நீளமா இருந்தாலும் அதே நேரம்)னு போர்டுல எழுதறோம், எல்லாரும் நோட்ல எழுதிக்கறாங்க, யாருக்கும் மண்டையில ஏறறதில்ல. லேப்ல ஒரு காலி லிஸ்ட்டை எடுத்து, ஒவ்வொரு எலிமென்ட்டா அப்பெண்ட் பண்ணி, ஒவ்வொரு தடவையும் கெட்சைஸ்ஆப் போட்டு அது மெமரில பிடிக்கற இடத்தை பிரின்ட் பண்ண சொல்லுங்க. 64 பிட் மெஷின்ல இப்பத்திய பைத்தான்ல காலி லிஸ்ட் 56 பைட், ஒண்ணு போட்டதும் 88, ரெண்டு மூணு நாலு போட்டாலும் அதே 88, அஞ்சாவதுக்கு 120, ஒம்பதாவதுக்கு 184ன்னு தாவும். ஏன் சார் நடுவுல சும்மா நிக்குதுன்னு கேப்பாங்க பாருங்க, அந்த கேள்வி வந்ததுக்கு அப்புறம்தான் லிஸ்ட்டோட சி பைலைத் திறக்கணும். அதுல ரீசைஸ் பங்க்ஷன்ல கமென்ட்லயே எழுதி வெச்சிருக்காங்க, 0, 4, 8, 16, 24, 32, 40, 52, 64, 76ன்னு இப்படித்தான் வளரும்னு. இது எலிமென்ட் இடங்களோட எண்ணிக்கை, ஒரு இடத்துக்கு 8 பைட்னு கணக்கு போட்டா அவங்க திரையில வந்த தாவலும் இந்த நம்பரும் ஒத்துப்போறத அவங்களே பாக்கறாங்க. கூடவே டிம் பீட்டர்ஸ் எழுதின சார்ட்டிங் பத்தின குறிப்பும் அந்த சோர்ஸ்லயே ஒரு டெக்ஸ்ட் பைலா இருக்கு, ஆர்வம் இருக்கறவங்களுக்கு அதைக் கொடுத்தா ரெண்டு நாள் காணாம போயிடுவாங்க.

கோடுல நடந்த மாத்தங்களைக் கணக்கு வெக்கற கருவி கிட், பைனரி சர்ச்சுக்கு அதோட பைசெக்ட் கமாண்டைவிட நல்ல உதாரணம் எனக்கு கிடைச்சதில்ல. ஆயிரம் கமிட்ல எந்த கமிட்ல பக் (பிழை) நுழைஞ்சதுன்னு சுமார் பத்து தடவை ஓட்டிப் பாத்தே பிடிச்சிடலாம்.

டிபிஎம்எஸ்க்கு எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ்னு ரெண்டு டேட்டாபேஸ் சாப்ட்வேரும். எஸ்க்யூலைட்டோட கோடு யார் வேணா எடுத்துக்கலாம்னு பொதுவுல விட்டது, ஆனா வெளியாள் பேட்ச்ச (திருத்தத்தை) அவங்க ஏத்துக்கறதில்ல, அதை வெளிப்படையாவே சொல்லியிருக்காங்க, அதனால அதைப் படிக்க மட்டும் பயன்படுத்துங்க, புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தை சேத்துக்கோங்கன்னு கேக்கறது) அனுப்புன்னு அசைன்மென்ட் கொடுத்துடாதீங்க. வெப் டெக்னாலஜிக்கு உங்க காலேஜ்லயே மூடுல்ங்கற ஆன்லைன் வகுப்பு சாப்ட்வேர் இருந்தா அதையே எடுங்க, தினமும் அசைன்மென்ட் போடற பட்டனுக்குப் பின்னாடி என்ன பிஎச்பி ஓடுதுன்னு பாக்கறது பசங்களுக்கு தனி சந்தோஷம்.

தமிழ் சம்பந்தமா ஏதாவது இருக்கா?

இருக்கு, நம்ம பசங்களுக்கு மத்த ஊர்க்காரங்களவிட கூடுதலா தெரிஞ்ச விஷயம் இது ஒண்ணுதான், அதனால கண்டிப்பா பயன்படுத்துங்க. பைத்தான்ல தமிழ்ங்கற சொல்லுக்கு நீளம் கேளுங்க, அஞ்சுன்னு சொல்லும். நமக்கு மூணு எழுத்து, அதுக்கு த, ம, இகரக்குறி, ழ, புள்ளின்னு அஞ்சு. திருப்பிப் போட சொன்னா புள்ளி முன்னாடி வந்து நிக்கும். ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல சொற்களை மட்டும் பிரிக்க வழக்கமா போடற பேட்டர்னைப் போட்டா தமிழ்ங்கற ஒரு சொல் தம, ழன்னு ரெண்டு துண்டா வரும், ஏன்னா பைத்தான் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் எழுத்தா கணக்குல எடுத்துக்கறதில்ல. இன்னும் ஒண்ணு பாருங்க, கொ ங்கற எழுத்தை ஒரே ஒகரக் குறியாவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலுமா ரெண்டாவும் சேமிக்கலாம், திரையில ரெண்டும் ஒண்ணுதான், ஈக்வலான்னு கேட்டா இல்லன்னு சொல்லும். ஒரு கடைக்காரர் பேரை சர்ச் பண்ணா ஏன் கிடைக்கலங்கறதுக்கு இந்த மாதிரிதான் காரணம் இருக்கும்.

இதையெல்லாம் லேப்ல காட்டிட்டு ஓப்பன் தமிழ்ங்கற பைத்தான் லைப்ரரியத் திறந்து, அவங்க எழுத்தைப் பிரிக்கற பங்க்ஷனை எப்படி எழுதியிருக்காங்கன்னு படிக்க சொல்லுங்க. யூனிகோடு (எல்லா மொழி எழுத்தையும் கம்ப்யூட்டர்ல எண்ணா வெக்கற முறை) பாடம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும், டெஸ்ட் கேஸ் எழுதறதும் கூடவே வந்துடும், ஏன்னா ஸ்ரீ, க்ஷ மாதிரி எழுத்தைப் போட்டு எங்க உடையுதுன்னு பாக்க யாரும் சொல்லாமயே ஆரம்பிச்சுடுவாங்க.

லிப்ரேஆபிஸ், பயர்பாக்ஸ் மெனுவ மொழிபெயர்க்கறத கம்ப்யூட்டர் பாடமா எடுத்துக்கலாமா?

வெறும் சொல்லுக்கு சொல் எழுதறதோட விட்டா இல்ல. மெசேஜுக்குள்ள ஒரு எண்ணும் ஒரு போல்டர் பேரும் வர்ற இடத்தை எடுத்துக்கோங்க. தமிழ்ல போல்டர் பேர் முன்னாடி வரும், எண் பின்னாடி வரும், அந்த ரெண்டு இடக்குறியையும் (%d, %s மாதிரி) வரிசை எண் போடாம மாத்தி வெச்சா சி புரோகிராம் எண்ணை ஸ்ட்ரிங்குன்னு நினைச்சு படிச்சு கிராஷ் ஆகும். இந்த அளவுக்குப் போய் ஏன் கிராஷ் ஆச்சுன்னு விளக்கினா அது நல்ல பாடம்தான், மார்க் தாராளமா கொடுக்கலாம்.

பர்ஸ்ட் இயர் பசங்களால முடியுமா?

படிக்க முடியும், ஓட்ட முடியும், டாக்குமென்ட்டேஷன்ல சொன்னபடி இன்ஸ்டால் பண்ணி எந்த ஸ்டெப்ல நின்னுச்சுன்னு எழுத முடியும். அது போதும். புல் ரிக்வெஸ்ட் தேர்ட் இயர்ல பாத்துக்கலாம்.

புராஜெக்ட்டை எப்படி தேர்ந்தெடுக்கறது?

பெரிய பேர பாக்காதீங்க. போன ஒரு மாசத்துல கமிட் நடந்திருக்கா, யாராவது கேள்வி கேட்டா பதில் வருதா, உங்க லேப் மெஷின்ல ஒரு லேப் பீரியடுக்குள்ள பில்ட் ஆகுதா, இது மூணையும் செமஸ்டர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்களே உக்காந்து செஞ்சு பாருங்க. நீங்க பில்ட் பண்ணாத புராஜெக்ட்டை அறுபது பேருக்கு கொடுத்தா முதல் மூணு வாரம் எரர் மெசேஜ் பாக்கறதுலயே போயிடும்.

அதைவிட முக்கியம், அந்த புராஜெக்ட்டை நடத்தறவங்களுக்கு முன்னாடியே ஒரு மெயில் போட்டுடுங்க. இத்தனை ஸ்டூடண்ட்ஸ், இத்தனை வாரம், இந்த அளவுக்கு அனுபவம், உங்களுக்கு எது உதவியா இருக்கும்னு கேளுங்க. பெரும்பாலானவங்க சம்பளம் இல்லாம ராத்திரி உக்காந்து பாக்கறவங்க, ஒரே வாரத்துல அறுபது புல் ரிக்வெஸ்ட் போய் விழுந்தா அவங்க கதி என்ன ஆகும்? வேணாம்னு சொன்னா விட்டுடுங்க, வேற புராஜெக்ட் இருக்கு.

அமெரிக்கால ட்ரினிட்டி காலேஜ்ல 2006ல எச்பாஸ்னு ஒரு முயற்சி ஆரம்பிச்சாங்க, ஜனங்களுக்கு உதவற சாப்ட்வேரை மட்டும் எடுத்து ஸ்டூடண்ட்ஸ வேலை செய்ய வெக்கறதுதான் அதோட நோக்கம். அவங்க முதல்ல எடுத்தது சஹானா. அது 2004 சுனாமிக்கு அப்புறம் காணாம போனவங்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருளையும் கணக்கு வெக்கறதுக்காக இலங்கைல தன்னார்வலர்கள் சேந்து எழுதின சாப்ட்வேர். ஆர்வமே இல்லாத பையன்கூட, இந்த கோடு எதுக்கு பயன்படுதுன்னு தெரிஞ்சா கொஞ்சம் நிமிர்ந்து உக்காருவான், இத நான் என் வகுப்புல நேராவே பாத்திருக்கேன்.

மார்க் எப்படி போடறது? மெர்ஜ் ஆனாத்தான் மார்க்கா?

மெர்ஜுக்கு, அதாவது அனுப்பின திருத்தத்தை அவங்க கோடுல சேத்துக்கறதுக்கு, மார்க் போடாதீங்க, இதை எத்தனை தடவை வேணாலும் சொல்லுவேன். மெர்ஜ் ஆகறதும் ஆகாததும் உங்க கையிலயும் இல்ல, ஸ்டூடண்ட் கையிலயும் இல்ல. ரிவ்யூ பண்றவர் ஊர்ல இல்லாம இருக்கலாம், ரிலீஸ் நேரம்னு எதையும் சேக்காம வெச்சிருக்கலாம், நல்ல திருத்தமே ஆனாலும் அவங்க போற திசைக்கு ஒத்துவராம போகலாம். அதுமட்டுமில்லாம மெர்ஜுக்கு மார்க்குன்னு சொன்ன அன்னிக்கே பசங்க ஸ்பெல்லிங் மிஸ்டேக் தேட ஆரம்பிச்சுடுவாங்க.

நான் நூறுக்கு போடறேன்னா முப்பது மார்க் கோடைப் படிச்சு எழுதின குறிப்புக்கு, அதாவது ஒரு பட்டனை அழுத்தினா எந்த பைல்ல இருந்து எந்த பைலுக்கு போகுதுன்னு தன் சொந்த வார்த்தையில, தமிழ்லயே எழுதினாலும் சரி. இருபத்தஞ்சு, ஏற்கனவே யாரோ சொன்ன ஒரு பக்கை தன் மெஷின்ல திரும்ப வர வெச்சு, வர வெக்கற வழிய தெளிவா எழுதினதுக்கு. இருபது, மத்தவங்களோட நடந்துக்கிட்ட விதத்துக்கு, கேக்கறதுக்கு முன்னாடி தேடினானா, பதில் சொன்னவங்களுக்கு திரும்ப பதில் போட்டானா. மீதி இருபத்தஞ்சு திருத்தத்துக்கும் டெஸ்ட்டுக்கும். பக்கை சரியா திரும்ப வர வெக்கறது எவ்வளவு பெரிய வேலைன்னு வேலைக்குப் போன பழைய ஸ்டூடண்ட்ஸைக் கேளுங்க, அவங்க சொல்லுவாங்க.

ரெக்கார்டு நோட்டுக்கு கிட் லாக் (கமிட் பட்டியல்) பிரின்ட் அவுட்டும் இந்த குறிப்பும் வெச்சா போதும், கையால கோடு எழுத வெக்காதீங்க.

டி ஷர்ட்டுக்காக, சர்டிபிகேட்டுக்காக புல் ரிக்வெஸ்ட் போடறாங்களே, அது தப்பா?

தப்புதான். 2020 அக்டோபர்ல நடந்தத வகுப்புல கண்டிப்பா சொல்லுங்க. டிஜிட்டல் ஓஷன் கம்பெனி நடத்தற ஹாக்டோபர்பெஸ்ட்ங்கற ஓப்பன் சோர்ஸ் நிகழ்ச்சில நாலு புல் ரிக்வெஸ்ட் போட்டா டி ஷர்ட்டுன்னு இருந்தது. ஒரு யூட்யூப் வீடியோவைப் பாத்துட்டு ஏகப்பட்ட பேர் யார் யாரோட புராஜெக்ட்லயோ போய் ரீட்மீ (அறிமுகக் குறிப்பு) பைல்ல ஒரு சொல்ல சேத்து அனுப்ப ஆரம்பிச்சாங்க, உலகம் பூரா ஓப்பன் சோர்ஸ் நடத்தறவங்க அந்த குப்பையை ஒவ்வொண்ணா மூட வேண்டியதாச்சு. சில நாள்லயே விதிய மாத்தி, விருப்பப்பட்ட புராஜெக்ட் மட்டும்தான் கணக்குன்னு கொண்டு வந்தாங்க. 2024 ஆரம்பத்துலயும் இதே மாதிரி எக்ஸ்பிரஸ் ஜேஎஸ்ங்கற வெப் புராஜெக்ட்டோட ரீட்மீல தன் பேர சேத்து சேத்து அனுப்பினாங்க, அதுவும் ஒரு டுடோரியல் வீடியோல சொல்லிக்கொடுத்தத அப்படியே செஞ்சு பாத்ததால வந்தது. இதுல நிறைய பேர் நம்ம நாட்டு ஸ்டூடண்ட்ஸ். பசங்க கெட்டவங்க இல்ல, பழகறதுக்கு தனியா ஒரு இடம் வேணும்னு யாரும் அவங்களுக்கு சொல்லல. வகுப்புக்குன்னு ஒரு விளையாட்டு ரெப்பாசிட்டரி (கோடு வெக்கற இடம்) வெச்சுடுங்க, கிட்ல வர்ற போர்க், பிராஞ்ச், கான்ப்ளிக்ட், ரிபேஸ் எல்லாத்தையும் அங்க செஞ்சு கெடுத்து கத்துக்கட்டும்.

புராஜெக்ட்காரங்க எப்படி ரிவ்யூ பண்றாங்கன்னு சோதிச்சு ரிசர்ச் பேப்பர் எழுதலாமா?

அவங்களுக்குத் தெரியாம செய்யவே கூடாது. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வேணும்னே ஓட்டை வெச்ச பேட்ச்சுகளை லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்பி, கண்டுபிடிக்கறாங்களான்னு பாத்தாங்க. விஷயம் வெளிய வந்து 2021 ஏப்ரல்ல கெர்னல் பராமரிக்கற கிரெக் குரோவா ஹார்ட்மன் அந்த பல்கலைக்கழகத்துல இருந்து வர்ற எதையும் வாங்கமாட்டேன்னு அறிவிச்சார், பழைய பேட்ச்சுகளையும் திரும்ப ஒவ்வொண்ணா சரிபாக்க வேண்டி வந்தது, பேப்பரையும் வாபஸ் வாங்கினாங்க. யாரோ ரெண்டு மூணு பேர் செஞ்சதுக்கு மொத்த பல்கலைக்கழகத்து ஸ்டூடண்ட்ஸுக்கும் கதவு மூடிச்சு.

பசங்க ஏஐல கோடு எடுத்து அனுப்பினா?

புராஜெக்ட்டோட விதிய முதல்ல படிக்க சொல்லுங்க. ஜென்டூங்கற லினக்ஸ் புராஜெக்ட்ல 2024ல ஏஐ எழுதின எதையும் வாங்கமாட்டோம்னு முடிவு பண்ணாங்க, நெட்பிஎஸ்டிங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். கர்ல்ங்கற டவுன்லோட் கருவியை நடத்தற டேனியல் ஸ்டென்பெர்க் ஏஐ எழுதின பொய்யான செக்யூரிட்டி ரிப்போர்ட்டுகளால தன் நேரம் எப்படி வீணாகுதுன்னு பல தடவை வெளிப்படையா எழுதியிருக்கார். புரியாத கோடைப் புரிய வெக்க ஏஐகிட்ட கேக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, நல்லாவே விளக்குது. ஆனா தன் பேர்ல வெளிய அனுப்பற ஒவ்வொரு வரிக்கும் வைவால நின்னு பதில் சொல்லணும், சொல்ல முடியலன்னா அனுப்பாதன்னு முதல் நாளே சொல்லிடுவேன். மார்க்கை படிச்ச குறிப்புக்கும் நேர்ல கேக்கற கேள்விக்கும் வெச்சா இந்த பிரச்சனை பாதி குறையும்.

எங்க லேப்ல நெட் ஸ்லோ, பயர்வால் வேற. என்ன பண்ண?

அறுபது மெஷின்ல தனித்தனியா குளோன் பண்ணாதீங்க (புராஜெக்ட்டை முழுசா இறக்காதீங்க). ஒரே ஒரு தடவை இறக்கி, காலேஜ் உள்ள ஒரு பழைய பிசில கிட்டீ மாதிரி ஒரு கிட் சர்வரைப் போட்டு வெச்சா எல்லாரும் லேன்ல இருந்து எடுத்துக்கலாம். முழு வரலாறு வேணாம்னா டெப்த் ஒண்ணுன்னு போட்டு குளோன் பண்ணுங்க, பைசெக்ட்டும், எந்த வரியை யார் மாத்தினாங்கன்னு சொல்ற பிளேமும் காட்டணும்னா மட்டும் முழுசா எடுங்க. எஸ்எஸ்எச்க்கு 22ஆம் போர்ட்டை அடைச்சிருந்தா கிட்ஹப் 443ஆம் போர்ட்லயும் எஸ்எஸ்எச் கொடுக்குது, சிஸ்டம் அட்மின் அண்ணன்கிட்ட சண்டை போட வேண்டியதில்ல.

எங்க பசங்களுக்கு இங்கிலீஷ் வராது, வெளிநாட்டுக்காரங்ககிட்ட எழுத பயப்படறாங்க.

இந்த பயம்தான் நான் பாத்ததுலயே பெரிய தடை, கோடு இல்ல. தமிழ் மீடியத்துல படிச்சு வந்த பொண்ணு, லாஜிக் பிரமாதமா போடுவா, ஒரு கமென்ட் எழுத மூணு நாள் தள்ளிப்போடுவா. ஒண்ணு சொல்றேன், அந்த பக்கம் இருக்கறவங்கள்லயும் நிறைய பேருக்கு இங்கிலீஷ் தாய்மொழி இல்ல. நான் என்ன செஞ்சேன், என்ன எதிர்பாத்தேன், என்ன வந்தது, என் மெஷின் எது, இந்த நாலையும் நாலு சின்ன வாக்கியமா எழுதினா போதும், இலக்கணத்தை யாரும் திருத்தமாட்டாங்க. முதல்ல வகுப்புக்குள்ளயே ஒருத்தர் கோடை இன்னொருத்தர் ரிவ்யூ பண்ணட்டும், அப்புறம் தமிழ் புராஜெக்ட்டுகள்ல தமிழ்லயே பேசலாம், அப்புறம் வெளிய போகலாம்.

இன்னொண்ணையும் முன்கூட்டியே சொல்லி வெக்கணும். ரிவ்யூல இந்த வேரியபிள் பேரை மாத்து, இங்க டெஸ்ட் இல்ல, இதை ரெண்டு கமிட்டா பிரின்னு சுருக்கமா எழுதுவாங்க. நம்ம பசங்க அதை திட்டா எடுத்துக்கிட்டு அப்படியே விட்டுட்டு போயிடறாங்க. அவ்வளவு நேரம் செலவு பண்ணி படிச்சிருக்காங்கன்னா அந்த திருத்தம் வேணும்னு நினைக்கறாங்கன்னு அர்த்தம்.

ஸ்டூடண்ட்ஸோட பேர், மெயில் ஐடி எல்லாம் வெளிய தெரியுமே?

தெரியும், கமிட்ல போனா அழிக்கறது கஷ்டம். கிட்ஹப் செட்டிங்ஸ்ல மெயில் ஐடிய மறைச்சு வேற முகவரி கொடுக்கற வசதி இருக்கு, முதல் கமிட்டுக்கு முன்னாடியே அதைப் போட வெச்சுடுங்க. புனைபேர் வெச்சுக்க அனுமதிங்க, வெளிய எதையும் போட விருப்பமில்லன்னு சொல்றவங்களுக்கு காலேஜ் உள்ளயே அதே வேலையக் கொடுத்து அதே மார்க் போடுங்க, காரணம் கேக்காதீங்க.

லைசென்ஸ் எல்லாம் சொல்லிக்கொடுக்கணுமா?

ஒரு பீரியட் போதும். ஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சின்னு மூணு லைசென்ஸுக்கும் என்ன வித்தியாசம், லைசென்ஸ் பைலே இல்லாத கோடை எடுத்துப் போடக்கூடாது, காப்பி பண்ணா எழுதினவர் பேரை அழிக்கக்கூடாது. கடைசி ஒண்ணைத்தான் அழுத்தி சொல்லணும்.

பிளேஸ்மென்ட்டுக்கு உதவுமா?

உதவும், ஆனா கேரன்டி எல்லாம் கிடையாது. இன்டர்வியூல ஒரு பையன் நான் இந்த பக்கை இப்படி தேடினேன்னு பேச ஆரம்பிச்சா அது வேற மாதிரி இருக்கும். காசோட செய்யற வாய்ப்பும் இருக்கு. ஓப்பன் சோர்ஸ்ல வேலை செய்ய காசு தர்ற கூகுள் சம்மர் ஆப் கோடு 2005ல இருந்து நடக்குது, 2022ல இருந்து ஸ்டூடண்ட் இல்லாதவங்களும் சேரலாம். அதோட முதல் பத்து வருஷத்துல அதிக ஸ்டூடண்ட்ஸ் தேர்வானது எந்த பல்கலைக்கழகத்துல இருந்துன்னு பாத்தா, இலங்கையோட மொரட்டுவை பல்கலைக்கழகம். ஐஐடி இல்ல, அமெரிக்காவும் இல்ல. சீனியர் ஜூனியருக்கு சொல்லிக்கொடுக்கற பழக்கம் ஒரு இடத்துல ஊறிட்டா எவ்வளவு தூரம் போகும்னு அதுலயே தெரியுது. அவுட்ரீச்சிங்கற இன்டர்ன்ஷிப் திட்டமும் இருக்கு, ஐஐடி பாம்பேயோட பாஸ்ஸீ (ஓப்பன் சோர்ஸ் பாட திட்டம்) பெல்லோஷிப்பும் இருக்கு. பாஸ்ஸீல பாடப்புத்தகத்துல தீர்த்துக் காட்டியிருக்கற கணக்குகளை சைலேப்ங்கற கணித சாப்ட்வேர்ல எழுதித் தர்ற வேலைகூட ஸ்டூடண்ட்ஸுக்கு கொடுத்திருக்காங்க, செகண்ட் இயர் பசங்களுக்கு நல்ல ஆரம்பம்.

சிலபஸ்ல இல்லன்னு எச்ஓடி சொல்றாரே?

சிலபஸ மாத்த வேண்டாம். லேப்ல இருக்கற பத்து எக்ஸர்சைஸ்ல ரெண்டை இப்படி நடத்துங்க, மினி புராஜெக்ட்டை இப்படி வெச்சுக்கோங்க. சிலபஸ்ல லிஸ்ட்னுதான் இருக்கு, எந்த லிஸ்ட்டை காட்டணும்னு இல்ல. ஒரு வருஷம் ரெண்டு டீம் மட்டும் செய்யட்டும், எக்ஸ்டர்னல் வந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னார்னா அடுத்த வருஷம் எச்ஓடியே கேப்பார்.

நானே இதுவரைக்கும் எந்த புராஜெக்ட்டுக்கும் பங்களிச்சதில்ல. நான் எப்படி சொல்லித் தர்றது?

ஸ்டூடண்ட்ஸோட சேந்து கத்துக்கலாம், அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல, எரர் வந்தா நீங்க எப்படி தேடறீங்கன்னு அவங்க பக்கத்துல நின்னு பாக்கறதே பெரிய பாடம். லீவுல ஒரு சின்ன புராஜெக்ட்டை எடுத்து பில்ட் பண்ணி ஒரு டாக்குமென்ட்டேஷன் திருத்தமாவது அனுப்பிப் பாருங்க. தனியா உக்கார வேண்டியதில்ல, லினக்ஸ் பயன்படுத்தறவங்க குழுக்கள் இருக்கு, சென்னைல ஐலக்சி 1998ல இருந்து இருக்கு, காஞ்சிபுரம் பக்கம் காஞ்சிலக் இருக்கு, விழுப்புரத்துல விஜிலக் இருக்கு, கணியம்ங்கற வெப்சைட்ல தமிழ்லயே கட்டுரையும் மின்னூலும் கிடைக்குது. கிட், லினக்ஸ், பைத்தான் எதுவா இருந்தாலும் ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல் வீடியோ இருக்கு, நிறைய தமிழ்லயும் உண்டு, டவுன்லோட் பண்ணி நெட் இல்லாத லேப்லகூட போடலாம். இந்த குழுக்கள்ல யாரையாவது ஒரு மதியம் உங்க லேப்புக்கு வர முடியுமான்னு கேட்டுப் பாருங்க, மேடைப் பேச்சு வேணாம், பசங்களோட உக்காந்து ஒரு பக்கைத் திறந்து பாத்தா போதும்னு சொல்லுங்க.